மூன்றாம் பொறியாளரின் மசக்கை

2019 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பது. தென்மேற்குப் பருவக்காற்று கிமராஸ் நீரிணையைக் கடந்து இலோய்லோ நகரத்துக்குள் சாய்வான தூறலைச் செலுத்திக்கொண்டிருந்தது. லாபாஸ் சந்தைக்குப் பின்னால், விறகடுப்பில் ரொட்டி சுடும் கடையொன்றின் தகரக் கூரைக்கடியில் கிரிசாந்தோ வரிசையில் நின்றிருந்தான். அன்று மாலை ஐந்து மணிக்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளராக ஒன்பது மாதம் போவதற்கு இசைகிறானா, இல்லையா என்பதை எழுதிக் கையொப்பமிட்டு, கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தாள் அவனது சட்டைப் பையில், நனையாதபடி பாலித்தீன் உறைக்குள் இருந்தது.

மூன்றாம் பொறியாளராக இருந்தவனுக்கு இது பதவி உயர்வு. மறுத்தால் அடுத்தவனுக்குப் போய்விடும். மறுப்பதற்கு அவனிடம் காரணம் ஏதுமில்லை; ஆயினும் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கை நகர மறுத்தது. மனைவி லோரெபெத்திடம் கேட்டால், "உன் இஷ்டம்" என்றாள். இரண்டாம் முறை கேட்டபோதும் அதே இரண்டு சொற்கள்தாம்.

அவன் பிறந்தது இதே ஊரில்தான் என்றாலும் இங்கே அவன் அதிகம் உண்டதில்லை. இருபத்தொரு வயதில் கடலுக்குப் போனவன், விடுப்பில் வந்தால் தூங்குவான், யாராவது ஒருவருடைய திருமணத்தில் சட்டையைக் கசக்கிக்கொண்டு நிற்பான், திரும்பிப் போய்விடுவான். இம்முறை வந்த சில வாரங்களில் வீட்டுச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்க மறுத்தது. வட கடலின் குளிர்கால அலையில் பொரித்த முட்டை தின்றவனுக்கு, சொந்த அடுப்படியில் பூண்டு தாளிக்கும் வாசனை குமட்டியது. ஆகவே விடியும் முன்பே வெளியேறி, முதலில் வந்த ஜீப்னி வண்டியில் ஏறிக்கொண்டான். அப்படித்தான் ஹாரோவில் தென்னங்குருத்துக்குள் ஒட்டரிசியை அடைத்து அவித்து விற்கும் பெண்ணைக் கண்டான். மாண்டுரியாவோவில் மோட்டார் பழுதுபார்க்கும் கொட்டகை வாசலில் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டிப் பொரிப்பவரைக் கண்டான். வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியின் உடைந்த துண்டுகளைப் பத்து பெசோவுக்கு ஒரு பை நிறையக் கொடுக்கும் ஆற்றோரக் கடையையும் கண்டான். எதையும் முழுதாகத் தின்னவில்லை. பாதியில் வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தான். காலும் ஓரிடத்தில் தரிக்கவில்லை, நாக்கும் தரிக்கவில்லை.

"என்ன தோத்தோ, இன்னிக்கும் கினமுன்சில்தானா?" என்றாள் கடைக்காரி மானாங் கொன்சிங். அந்த ஊர்ப் பேச்சில் தோத்தோ என்றால் தம்பி, மானாங் அக்கா, மானோங் அண்ணன். புளியங்காய்போல் முறுக்கிய, இறுகலான ரொட்டி அது.

"ரெண்டு குடுங்க மானாங். கொஞ்சம் வினிகர் இருக்கா? மிளகாய் ஊறினது?"

"எதுக்கு, ரொட்டிக்கா?"

"ரொட்டிக்குத்தான்."

அவன் பின்னால் நின்ற டிரைசிக்கிள்காரர் சிரித்தார். மானாங் கொன்சிங் சிரிக்கவில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தை நிதானமாக ஆராய்ந்தாள்.

"கண்ணு உள்ள போயிருக்கு. காலைல குமட்டுதா?"

"கொஞ்சம்."

"பூண்டு வாசனை?"

"அதச் சொல்லாதீங்க."

"பொண்டாட்டி உன்னத் தாண்டினாளா?"

"என்ன கேக்கறீங்க?"

"தூங்கறப்ப உன் மேல தாண்டிப் போனாளான்னு கேக்கறேன். புள்ளத்தாச்சி புருஷனத் தாண்டினா மசக்கை அவனுக்கு மாறிடும். நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"நம்பற மாதிரி இல்ல."

"அவ முழுகாம எல்லாம் இல்ல, மானாங்."

"அத அவ சொன்னாளா, நீயா சொல்றியா?"

"பாரே," என்றார் டிரைசிக்கிள்காரர், "பிரசவ வலியும் உனக்கேதானா? ஆசுபத்திரிக்கு என் வண்டியிலயே வா, பாதி வாடக போதும்."

கிரிசாந்தோவும் சிரித்தான். சிறுவயதில் கேட்ட கதைதான்; யாரும் நம்புவதில்லை, யாரும் மறப்பதுமில்லை. ஆனால் ரொட்டியை வினிகரில் தோய்த்து வாயில் வைத்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று. சில வாரங்களுக்கு முன் ஒரு விடியலில் கண் விழித்தவன், கட்டிலின்மேல் லோரெபெத் நிற்பதைப் பார்த்தான். அவளது கால்கள் அவன் முழங்கால்களுக்கு இருபுறமும் ஊன்றியிருந்தன. "கால் மரத்துப்போச்சு" என்றாள். அவன் படுப்பது சுவரோரம். கதவு அவள் பக்கம் இருந்தது. இறங்கிப் போக வேண்டியவள் அவனைத் தாண்டியிருக்கத் தேவையே இல்லை.

அவன் சந்தைக்குள் போய் ஒரு பச்சோய்க் கடையில் உட்கார்ந்தான். நூடுல்சும் ஈரலும் மிதக்கும் கிண்ணம் வந்ததும் எலும்பு மஜ்ஜையின் வாசனை மூக்கில் ஏறியது. கிண்ணத்தைத் தள்ளினான்.

"மானோங், மஜ்ஜை இல்லாம ஒண்ணு கிடைக்குமா?"

"மஜ்ஜை இல்லாத பச்சோயா? அது வெந்நீர். அத விக்க எனக்கு லைசென்ஸ் இல்ல," என்றார் கடைக்காரர் தியோனி. தொந்தி தெரியும் பனியனோடு கொதிகலத்தின் முன் நின்றிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? பொண்டாட்டி தாண்டினா மசக்கை மாறிடும்னு சொல்றது உண்மையா?"

"எங்கிட்டயா கேக்கற? ரெண்டு புள்ளைக்கும் என்னத் தாண்டினா. நான் சுவத்துச் சுண்ணாம்பத் தின்னேன். மூணாவதுக்கு உஷாராயி, கட்டிலுக்கு அடியில படுத்தேன்."

"பலிச்சுதா?"

"எங்க? அவ கட்டிலயே தாண்டிட்டா." கரண்டியைத் தட்டிவிட்டு அவனைப் பார்த்தார். "உன் வீட்ல சொல்லவே இல்லியா? அப்ப ஏதோ காரணம் இருக்கு, தோத்தோ."

காரணம் இருந்தது. இரண்டாண்டுகளுக்கு முன், கப்பலேறும் வாரத்தில், கருவுற்றிருப்பதாக அவள் சொன்னாள். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையொப்பமிட்டிருந்ததால் அவன் போனான். கருவின் பத்தாவது வாரத்தில், பிரேசில் கரைக்கு அப்பால், அவனைக் கேப்டனின் அறைக்கு அழைத்துத் தொலைபேசியைக் கொடுத்தார்கள். கரு கலைந்துவிட்டது என்றாள் லோரெபெத். பேசி முடித்து இயந்திர அறைக்கு இறங்கி, தன் முறை முடியும்வரை வேலை பார்த்தான். கப்பலில் வேறு எங்கே போவது?

கிண்ணத்தைத் தொடாமலேயே பணத்தை வைத்துவிட்டு எழுந்தான்.

மோலோவில், தேவாலயத்துக்கு அருகிலுள்ள சிறிய உணவகமொன்றில் லோரெபெத் வேலை பார்த்தாள். அவன் பின்கட்டு வழியாக உள்ளே நுழைந்தபோது, மாவு தூவிய மேசையில் பன்றிக்கறியை மெல்லிய மாவுத் தகட்டில் வைத்து மடித்து, சூப்பில் போடுவதற்கான உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உரித்த பூண்டு ஒரு குவியலாக இருந்தது. அவள் முகம் தெளிவாக இருந்தது. அவன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"நீ என்னத் தாண்டினியா?"

விரல்கள் நின்றன. "யாரு சொன்னா?"

"ரொட்டிக் கடைல."

"எந்தக் கடை?"

"லாபாஸ்ல. விறகடுப்புக் கடை. உனக்குத் தெரியாது."

"எனக்கே தெரியாத கடையெல்லாம் எப்பக் கண்டுபிடிச்ச?"

"பேச்ச மாத்தாத, லோரெபெத்."

"தாண்டினேன். மொத நாள் பலிக்கல. மறுநாளும் தாண்டினேன்."

தடுப்புக்கு அப்பால் பாத்திரம் கழுவியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் திரும்பி முறைத்ததும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"பூண்டு, இறாலு, பன்னி எலும்பு. நாள் பூரா இதுக்கு நடுவுல நிக்கறவ நான். நீ சும்மாத்தானே இருந்த. கொஞ்சம் சுமந்தா என்ன?"

"அதக் கேக்கல. ஏன் சொல்லல?"

அவள் இன்னோர் உருண்டையை மடித்து வரிசையில் வைத்தாள். "போன தடவ சொன்னேன். அப்புறம் விமான நிலையத்துல நின்னு கையாட்டினேன். இப்பச் சொன்னா, நீ போனாலும் என்னால, நின்னாலும் என்னால. நான் சொல்றதுக்கு முன்ன நீயா என்ன முடிவெடுக்கறேன்னு பாக்க நினைச்சேன்."

"எத்தன வாரம்?"

"பதினொண்ணு."

சென்ற முறையைவிட ஒரு வாரம் கூடுதல். இருவரும் அதைச் சொல்லவில்லை.

"நிக்கவா?" என்றான்.

"நான் போன்னும் சொல்லல, நில்லுன்னும் சொல்லல. ஆனா நின்னுட்டு, துறைமுகத்தப் பாத்துக்கிட்டே வீட்டுக்குள்ள நடந்து தேயறதா இருந்தா, கப்பலுக்கே போயிடு, சாந்தோ. அத என்னால பாக்க முடியாது."

வெளியே தூறல் மழையாகியிருந்தது. ஆற்றங்கரை நடைபாதையில் அவன் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தான். அவள் அஞ்சியது நியாயம். நிலத்தில் அவனால் உட்கார முடிவதில்லை. இந்த வாரங்கள் முழுவதும் அலைந்ததே அதற்குச் சாட்சி என்று அவனே தனக்கு எதிராக வாதாடினான். வழியில் கூடையில் பச்சை மாங்காயும் உப்பிறால் விழுதும் விற்றவரிடம் ஒரு பொட்டலம் வாங்கித் தின்றபடி, அலைந்த இடங்களை மனத்துக்குள் வரிசைப்படுத்தினான். லாபாஸ், ஹாரோ, மாண்டுரியாவோ, மோலோ. மாங்காயைக் கடித்தவன் அப்படியே நின்றான். முந்தைய விடுப்புகளில் இரண்டாம் நாளே துறைமுகத்துக்குப் போய், எந்தக் கப்பல் நிற்கிறது, எது எங்கே போகிறது என்று பார்ப்பான். இம்முறை ஒருநாளும் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவுமில்லை. இத்தனை வாரமும் கால்கள் நகரத்தின் உட்புறமாகவே சுற்றியிருக்கின்றன. பொட்டலம் காலியாயிருந்தது, முழுதாகத் தின்று முடித்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

அலுவலகத்தை அடைந்தபோது மணி நாலே முக்கால். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஹேசலின் என்ற இளம்பெண் அவனைக் கண்டதும் கைதட்டினாள்.

"வாங்க, இரண்டாம் பொறியாளரே! விருந்து எப்போ, மானோங்? பீட்சாவாச்சும் வேணும், சொல்லிட்டேன்."

"இல்ல, தங்கச்சி. போகலன்னு எழுதப் போறேன்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "விளையாடாதீங்க. வேண்டாம்னவங்கள வரிசைல கடைசிக்குத் தள்ளிடுவாங்க. மறுபடி இந்தப் பதவி எப்ப வரும்னே சொல்ல முடியாது. மூணாவதாவே திரும்பிப் போக வேண்டி வரலாம்."

"தெரியும்."

"காரணம் எழுதணும்."

"மசக்கை."

"அடடே! வீட்ல மானாங்குக்கா?"

"அவ ஜோரா பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கா. எனக்குத்தான்."

ஹேசலின் சிரிக்கத் தொடங்கி, அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். "தாண்டிட்டாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அவன் தலையசைத்தான். "உடம்பு சரியில்லன்னு போட்டா டாக்டர் சீட்டு கேப்பாங்க. 'குடும்பம்'னு போடுங்க, மானோங். அதுக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவன் உறையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். 'இசையவில்லை' என்பதற்கு எதிரே குறியிட்டு, காரணத்துக்கு 'குடும்பம்' என்று எழுதினான். ஒருமுறை முழுவதையும் வாசித்தான். கையொப்பமிட்டு, எழுத்துகள் அவளுக்கு நேராக அமையும்படி தாளைத் திருப்பி, கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளியில் நகர்த்தினான். அவள் எடுத்துக்கொண்டாள்.