நாளொன்றுக்கு நாலு விரற்கடை

நகரத்து மலையில் ஒரு வீடு பதினோரு வருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு நாலு விரற்கடை. அடைமழைக் காலத்தில் சில நாள் மூன்றரை. மலையைப் பார்க்க வருஷத்துக்கு லட்சம் பேர் வருகிறார்கள். அத்தனை பேரும் நேராக உச்சிக் கோபுரத்துக்குப் போய், கம்பியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டபடி இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவுதானாவாம்! டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் ஒரு மரத்தின் நிழல் இருக்கிறது. மரத்தை வெட்டி இருபது வருஷமாகிறது. வெட்ட வந்தவர்கள் நிழலை எடுத்துப் போக மறந்துவிட்டார்கள், அது இன்றும் காலையில் நீண்டு மத்தியானத்தில் சுருங்கித் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பழைய படிக்கட்டில் நாற்பதாவது படிக்கும் எழுபதாவது படிக்கும் நடுவில் எப்பேர்ப்பட்ட விக்கலும் நின்றுவிடும். இதையெல்லாம் அறிவிப்புப் பலகையில் போடுங்கள் என்று சுற்றுலா அலுவலகத்துக்கு எத்தனையோ கடிதம் போயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். போகட்டும், அந்த வீட்டின் சங்கதியையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட ஓட்டு வீடு அது. முகம் உச்சியைப் பார்த்திருக்கும், முதுகு நகரத்தைப் பார்த்திருக்கும். அதில் ஒரு கணக்கு டீச்சரும் அவருடைய அப்பாவும் இருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் பின்கதவைத் திறந்து காலை வைத்தபோது கதவுக்கும் படிக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. புதன்கிழமை எட்டு. டீச்சர் அலறவில்லை, அக்கம்பக்கத்தைக் கூட்டவில்லை. பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்து ஒரு வாரம் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். அளவு மாறாமல் இருந்ததால், கண்டபடி நகர்ந்தால்தானே பயப்பட வேண்டும் என்று விட்டுவிட்டார். அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை மூன்று வருஷமாகச் சும்மா இருந்தது. மனிதர் அன்றைக்கே முன்ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் தவிர எழுந்திருக்கவில்லை. பாறை எதிர்ப்பட்டால் அது பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் கொடுப்பதுபோலக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். "தேங்க்ஸ்ப்பா" என்பார் அப்பா. வழியிலிருந்த குடும்பங்களுக்கெல்லாம் அவர்கள் சில மாதம் அடுத்த வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். பிறகு மேல் வீட்டுக்காரர்களானார்கள்.

வீடு நகர்ந்த ஆறாம் நாள் தண்ணீர்க் குழாய் தெறித்தது. குடிநீர் அலுவலகத்தின் கிழக்குப் பிரிவிலிருந்து குழாய்க்காரர் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை, பேச்சு குறைவு. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறுது போல," என்றார். "ஆமா," என்றார் டீச்சர். அதற்கு மேல் இருவருக்கும் அதில் பேச ஒன்றுமில்லை. குழாய்க்காரர் இரும்புக் குழாயின் நுனியில் எட்டடி ரப்பர் ஹோஸ் ஒன்றை வளைத்து மாட்டி, அதை வீட்டோடு இணைத்தார். வீடு ஏற ஏற வளைவு நிமிரும். மாதத்துக்கு ஏழடிச் சொச்சம் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆகவே மாதம் ஒரு முறை, முதல் சனிக்கிழமை, ஹோஸ் விறைக்கும் சமயத்தில் அவர் வந்து ஏழடி இரும்புக் குழாயை மரை வெட்டி, சணல் சுற்றி, முறுக்கிச் சேர்த்து, ஹோஸை மறுபடி வளைத்துவிட்டுப் போவதென்று ஏற்பாடாயிற்று.

புது இணைப்பு கசிகிறதா என்று ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும். இது குழாய் வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். அவர் முதல் மாதம் பத்து நிமிஷம் பார்த்தார். இரண்டாம் வருஷத்தில் அரை மணி நேரம். ஐந்தாம் வருஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பின்கதவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, இணைப்பின் அடியில் விரலை வைத்துக்கொண்டு, டீச்சர் கொடுத்த டீயைக் குடித்தபடி கசிவுக்காகக் காத்திருந்தார். டீச்சர் கதவின் உள்பக்கம் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் திருத்தியது பெரும்பாலும் ஒரே ஒரு நோட்டு. "மரை நல்லாப் பிடிச்சிருக்கு டீச்சர்" என்பார் இவர். "சரிங்க" என்பார் அவர். பதினோரு வருஷத்தில் இருவரும் பேசியதை எழுதினால் அரைப் பக்கம் தேறாது. ஆனால் முதல் சனிக்கிழமைகளில் டீச்சர் இஸ்திரி போட்ட புடவைதான் கட்டுவார் என்பது கீழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். குழாய்க்காரர் அன்றைக்கு மட்டும் முகச்சவரம் செய்துகொள்கிறார் என்பது அவருடைய அலுவலகத்துக்கே தெரியும். தெரியாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

இப்படியே ஏறி ஏறிப் பதினோராம் வருஷக் கடைசியில் வீடு முகட்டுக்கு ஒரு மாதத் தூரத்தில் வந்து நின்றது. நின்றது என்பது ஒரு பேச்சுக்குத்தான். முகட்டில் ஒரு எல்லைக்கல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் குடிநீர் அலுவலகத்தின் மேற்குப் பிரிவு. அங்கே வேறு அதிகாரி, வேறு குழாய்க்காரர். கிழக்குப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. வீடு எல்லையைத் தாண்டும் நாளில் இணைப்பைத் துண்டித்து மூடி போட வேண்டும், அதன் பிறகு இந்தப் பிரிவின் ஆட்கள் அந்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. டீச்சர் அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தாரோ, கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. முதல்முறையாக அவருக்கு வீட்டின் மேல் கோபம் வந்தது. ஒரு நாள் முகட்டுப் பக்கச் சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளியேகூடப் பார்த்தார். வீடென்ன அவருடைய மாணவர்களா, சொன்ன பேச்சுக் கேட்க?

அந்தச் சனிக்கிழமை குழாய்க்காரரோடு ஒரு புது இன்ஜினியரும் வந்தார். மூடி எங்கே போடுவது என்று பார்க்க வந்தவர், அடிவாரத்திலிருந்து வீடுவரை ஏழடிக்கு ஓர் இணைப்பாக நூற்று முப்பத்திரண்டு இணைப்புகளைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்க ஏறினார். மேலே வந்ததும் வளைந்து கிடந்த ஹோஸைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"ஏங்க, இந்த எட்டடி ஹோஸுக்குப் பதிலா நூறடி ஹோஸைச் சுருட்டி வச்சிருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதுமே! கரண்ட்டுக்காரங்க அப்படித்தானே ஒயரைச் சுருட்டி வச்சிருக்காங்க? இது தோணலையா உங்களுக்கு?"

குழாய்க்காரருக்குக் காது மடல் சிவந்தது. "தோணலைங்க சார்," என்றார், தரையைப் பார்த்து. இருபது வருஷ சர்வீஸ்காரர் சொல்லக்கூடிய பதிலா அது? இன்ஜினியருக்கே பாவமாகிவிட்டது. அப்போது டீச்சர் எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் தூசி படிந்த ஹோஸ் சுருள் ஒன்று இருந்தது. நூறடி. கடைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"அவர் மேல தப்பு இல்ல சார். நான் கணக்கு டீச்சர். ரெண்டாவது வருஷமே கணக்குப் போட்டு வாங்கிட்டேன்."

"வாங்கிட்டு ஏன் சொல்லல?"

டீச்சர் முந்தானையால் சுருளின் தூசியைத் துடைத்தார். பிறகு துடைப்பதை நிறுத்தினார். "சொன்னா இவரு வரமாட்டாரே," என்றார்.

முன்ஜன்னலிலிருந்து அப்பா தொடையில் தட்டிக்கொள்ளும் சத்தம் வந்தது. "அப்பாடா! நானும் எவ்வளவு மெதுவாத்தான் ஓட்டுறது?"

இவ்வளவு நடந்த பிறகு நியாயமாக என்ன நடக்க வேண்டும்? குழாய்க்காரர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பையை எடுத்தார், டீயைக்கூடக் குடிக்காமல், இன்ஜினியரை அங்கேயே விட்டுவிட்டு, நூற்று முப்பத்திரண்டு இணைப்புகளையும் தாண்டி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். டீச்சர் சுருளைக் கட்டிலுக்கடியில் திரும்பத் தள்ளினார். நாற்பத்திரண்டு வயதில் மூன்றாம் மனிதர் முன்னால் இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே என்று அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் அவர் கரும்பலகையில் போட்ட கணக்குகளில் இரண்டு தப்பாக இருந்தன. பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டப் பயந்து தப்பாகவே எழுதிக்கொண்டார்கள். "மண்ணு மாதிரி போறானே அந்த ஆளு!" என்று அப்பா தினமும் திட்டினார். வீடு மட்டும் யாரையும் சட்டை பண்ணாமல் நாலு நாலு விரற்கடையாக எல்லைக்கல்லை நெருங்கியது.

அந்த நாளும் வந்தது. சனிக்கிழமை இல்லை, ஒரு வியாழக்கிழமை. டீச்சர் லீவு போட்டிருந்தார், பழைய புடவை கட்டியிருந்தார். குழாய்க்காரர் வருவாரா, வேறு யாரையாவது அனுப்புவார்களா என்று தெரியாமல் காலையிலிருந்து பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அவரே வந்தார். முகச்சவரம் செய்து புதுச் சட்டை போட்டிருந்தார். யாரையும் பார்க்காமல் வால்வை மூடினார், ஹோஸைக் கழற்றினார், குழாயின் வாயில் சணல் சுற்றி மூடியை முறுக்கினார், வால்வைத் திரும்பத் திறந்துவிட்டார். வீட்டின் பின்சுவர் எல்லைக்கல்லைத் தாண்ட இன்னும் ஒரு விரற்கடை பாக்கி இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து மூடியின் அடியில் விரலை வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. மூடி கசியவில்லை.

"மேற்குப் பிரிவுக்கு மாத்தல் கேட்டேன் டீச்சர்," என்றார் கடைசியில், மூடியைப் பார்த்தபடியே. "இந்த மாசம் பூரா அதுக்குத்தான் அலைஞ்சேன். அங்க காலி இடம் இல்லைன்னுட்டாங்க."

டீச்சர் கதவருகே வந்தார். "எதுக்கு மாத்தல்?"

"குழாய் போட வரணும்ல?"

டீச்சருக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! அவ்வளவு அன்பான கோபத்தை அந்த மலை அதுவரை பார்த்ததில்லை. "குழாய் போட அங்க ஆள் இருக்காங்க. நீங்க சும்மா வாங்க!"

குழாய்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். சும்மா வரலாம் என்பது பதினோரு வருஷத்தில் அந்த மனிதருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் எழுந்து, கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றார்.

"நின்னுட்டே இருந்தீங்கன்னா வீடு போயிடும்," என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். குழாய்க்காரர் ஓடினார். நாளொன்றுக்கு நாலு விரற்கடை போகும் வீட்டைப் பிடிக்க, பையைப் போட்டது போட்டபடி, நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவர் கிளம்பிய பஸ்ஸைத் துரத்துகிறவர்போல் ஓடிப்போய் பின்கதவின் நிலையைப் பிடித்து உள்ளே தாவினார். டீச்சர் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"ஏறியாச்சா?" என்று கேட்டார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

"ஏறியாச்சுப்பா."

"அப்போ போலாம், ரைட்!"

வீடு முகட்டைத் தாண்டியது. அன்றைக்கும் அது நாலு விரற்கடைதான் போயிற்று.