ஐந்தாவது வசனம்

கஜாலினி மிஸ் எங்களுடைய பதினொரு கொப்பிகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமைக் காலைகளில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில், பெண்களுக்கு மட்டும் நடக்கும் ஆங்கில வகுப்பு அது. வெளியே, கண்டிக்கு அருகிலுள்ள எங்கள் அக்குறணை நனைந்துகொண்டிருந்தது.

'லுக் ஃபோர்வட் டு' என்பதை வைத்து, மனதார எதிர்பார்த்திருக்கும் ஐந்து விடயங்களை ஐந்து வசனங்களாக எழுதிவரச் சொல்லியிருந்தார்.

"பிழை ஒண்டும் இல்லை. ஆனா எல்லாரும் மழை விடுறதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறியள். மழை விட்டா மீன் லொறி. மீன் வந்தா வெள்ளிக்கிழமை. உங்களுக்கு வேற ஆசையே இல்லையோ?"

"கரண்ட் வாரதயும் எழுதினேன், மிஸ்," என்றார் பின்வரிசை வாங்கிலிருந்த உம்மு குல்சும். எல்லோரும் சிரித்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து இரண்டு வருடமேயான மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? நடக்கும் முன் ஆசையை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும். கல்யாணப் பேச்சோ, கட்டப்போகும் வீடோ, கைக்கு வந்த பிறகுதான் எங்கள் பெண்கள் வாய் திறப்பார்கள். நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் மனிதர்கள் முன்பின் தெரியாதவரிடம் ரயிலில் வைத்தே மனதைக் கொட்டிவிடுகிறார்கள். அவர்களை எண்ணிப் பொறாமைப்படும் நானே பக்கத்து வீட்டு ரம்புட்டான் பழுப்பதைத்தான் எழுதியிருந்தேன்.

"ஒராளாவது உண்மையான ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

என் பக்கத்தில் றம்லத் தாத்தா கொப்பியைப் பார்த்தபடி இருந்தார். அக்காவை மட்டுமல்ல, வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் தாத்தா என்பது எங்கள் வழக்கம். இவருக்கு முப்பத்தெட்டு வயது. நான்கு வசனங்கள் எழுதி, ஐந்தாவதை வெறுமையாக விட்டிருந்தார். காரணம் எனக்கு மட்டும் தெரியும். மூத்த மகள் பதினோராம் ஆண்டுச் சாதாரணதரப் பரீட்சை எழுதும் அதே தடவை, அவரும் ஆங்கிலப் பாடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். சித்தியடைந்தால் முன்பள்ளியில் வேலை உண்டு. கணவருக்குத் தெரியாது. அந்தக் கணவரின் மூத்த சகோதரிதான் உம்மு குல்சும். இங்கே சொன்னால் தாத்தா வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்விடும். கணவர் அதை வேறு வாயால் கேட்டு, வேண்டாம் என்றால் அதோடு சரி.

றம்லத் தாத்தா எழுந்தார். வெற்றுக் கோட்டில் விரலை வைத்து, எழுதியதை வாசிப்பதுபோல, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் மகளோடு நானும் பரீட்சை எழுதும் நாளை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

எல்லோரும் உம்மு குல்சும் பக்கம் திரும்பினோம். கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது.

"என்ன பாத்துட்டு ஈக்கிறீங்க? எல்லாரும் மாஷா அல்லாஹ் செல்லுங்க," என்று அதட்டினார் உம்மு குல்சும். "கண் பட்டுப் பெய்த்திடும். மிஸ், நீங்களும்தான்."

மிஸ்ஸும் எங்களோடு சேர்ந்து மாஷா அல்லாஹ் சொன்னார்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்று உம்மு குல்சும் றம்லத் தாத்தாவைக் கேட்டார்.

"தெரியா, மதினி."

"நான் அவனுக்குச் செல்ல மாட்டேன். நீயே செல்லு. இன்டைக்கே செல்லு. என்னால எவ்வளவு நேரம் செல்லாம ஈக்கேலும்?"

சிரிப்பு அடங்கியதும் மிஸ், "வசனம் சரி. இப்ப எழுதுங்கோ," என்றார்.

வகுப்பு முடிந்து இறங்கியபோது மழை இன்னும் பலத்திருந்தது. கடை வாசல் தகரத்தின் கீழ் றம்லத் தாத்தா ஃபோனைக் காதில் வைத்து நின்றார். இரைச்சலில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. உம்மு குல்சும் அவருடைய கொப்பியை வாங்கி, சாரல் படாமல் தன் அபாயாவுக்குள் அணைத்துக்கொண்டு, பேசத் தொடங்கிய அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.