லாக்குக்குள் ஒரு வரி

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லாரி எடை போடும் கம்ப்யூட்டர் அன்றைக்கும் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. மேடையில் லாரி ஏறினால் போதும், திரை உறைந்துவிடும், கீபோர்டு கேட்காது, கேட் திறக்காது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரனை அமுக்கிக் காதைக் கிழித்தன.

அந்தக் கம்ப்யூட்டரை விற்ற ஆன்றோவுக்குத் தப்பைக் கண்டுபிடிப்பதைவிட, யாரையாவது நிற்கவைத்துத் தோலை உரிப்பதில்தான் ருசி. எடையை லினக்ஸ் கெர்னலுக்குள், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படைப் புரோகிராமுக்குள், கொண்டுசேர்க்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவன் தீனா. அவனை வெயிலில் கேட் அருகே நிறுத்தி, ஒவ்வொரு லாரிக்காரரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தார்.

"கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன்னா காலை ஒடிச்சிருவேன்ல."

தப்பைத் தேடும் வேலை கார்குழலிக்கு வந்தது. அவளும் தீனாவும் வியாசர்பாடியில் ஒரே பிளாக். ஆன்றோவிடம் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

அந்த பிளாக்கில் மாடிக்கு ஒரே கக்கூஸ். உள்ளே போனவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தால் வெளியே நிற்பவர்கள் கதி என்ன? கெர்னலில் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் உள்ளே விடும் லாக்கும் அப்படித்தான். எடுத்தவர் சட்டென்று முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். இங்கே எவரோ உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

லாக்கை எடுக்கும்போதும் விடும்போதும் நேரம் பதியும்படி செய்து, நடுவில் நடப்பதை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் அகப்பட்டது ஒரே ஒரு வரி. எடை மாறும்போதெல்லாம், ஆமை வேக சீரியல் ஒயரில் எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்பும் வரி. ஆபீஸ் சோதனையில் வைத்தது அசையாத எடைக்கல். இங்கே லாரி குலுங்கக் குலுங்க எடை மாறியது, செய்தி குவிந்தது, எல்லாம் போய் முடியும்வரை லாக் விடுபடவில்லை.

சோதனைக்காகத் தீனாவின் புரோகிராமில் அந்த வரியைப் போட்டவள் கார்குழலி. எடுக்க மறந்தவளும் அவளே.

வரியை அழித்தாள். அடுத்த லாரி தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஆன்றோ முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யாரு பாத்த வேலை இது? சொல்லு, இப்பமே வீட்டுக்கு அனுப்புதேன்."

யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் அசிங்கம்.

"தீனா எழுதுனதுதான் சார்."

லாரிக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க, ஆன்றோ தீனாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பிடுங்கினார். கார்குழலி கேட்டுக்குப் போனபோது அவன் டிபன் பாக்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அந்த லைனத் தூக்கிட்டியா?" என்றான்.

"எந்த லைனு?"

"நீ போட்டதுதான். நேத்தே பாத்துட்டேன். அந்த ஆள் காதுல வுழாம உன்னாண்ட சொல்லலாம்னு இருந்தேன். காலைலயே இங்க நிறுத்தி பேஜாரு பண்ணிட்டான்." பையைத் தோளில் மாட்டினான். "என்னை எப்பிடியும் தொரத்தத்தான் பாத்துகினு இருந்தான். உன் பேரு வெளிய வரலியே?"

"வரல," என்றாள் கார்குழலி.