சிப்பி பதித்த மாப்பிள்ளைக் கத்தி

கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து சோணைமுத்துவின் நினைப்பெல்லாம் பெண்மேல் இல்லை, ஒரு கத்தியின்மேல்தான் இருந்தது.

காரணம், பெண்ணின் அண்ணன் மாயக்கண்ணன். சிங்கம்புணரியில் பரிசம் போட்டு முடிந்த கையோடு, வெற்றிலையை மென்றுகொண்டே அவன் சபைக்கே கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டான்.

"ஏம் மாப்பிள்ளே, கல்யாணத்தன்னிக்குப் பிடிக்கிற கத்தியும் செட்டியார் வீட்டுல இரவல் வாங்கித்தான் வருவீகளோ?"

சபை சிரித்தது. அவர்கள் வழக்கப்படி, காப்புக் கட்டியதிலிருந்து தாலி கட்டும் வரை மாப்பிள்ளை ஒரு கத்தியைக் கையில் பிடித்திருக்க வேண்டும். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். கீழே வைக்கக் கூடாது. வைத்தால் காத்துக் கருப்பு அண்டிவிடும். சோணைமுத்துவின் அப்பன், சித்தப்பன் எல்லாருமே அமராவதிபுதூர்ச் செட்டியார் வீட்டு வெள்ளிப்பிடிக் கத்தியை வாங்கிப் பிடித்துத்தான் தாலி கட்டினார்கள். அதில் ஒரு குறைச்சல் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, மாயக்கண்ணன் வாயைத் திறக்கிற வரைக்கும்.

சோணைமுத்து சுண்ணாம்புச் சாந்து பூசுகிறவன். முட்டை வெள்ளையும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்து அவன் தேய்த்துவிட்ட சுவரைப் பார்த்துத் தலை சீவலாம். சுவரையே கண்ணாடியாக்குகிறவனுக்கு ஒரு கத்திப் பிடி எம்மாத்திரம் என்று நினைத்தான். காரைக்குடிச் சந்தையில் பழைய மடக்குக் கத்தி ஒன்று அகப்பட்டது. சீமைச் சரக்கு. அலகு நல்ல எஃகு. பிடியின் இரு பக்கத்து மரம்தான் வெடித்திருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு, உள்ளே இருந்த பித்தளைத் தகட்டின்மேல் தொண்டிக் கடற்கரைச் சிப்பியைப் பதித்துவிட்டால் வெள்ளிப்பிடி அதன் பக்கத்தில் நிற்குமா?

அங்கேதான் பிடித்தது சனி.

சிநேகிதன் தங்கச்சாமி தச்சன். அவன் பட்டறையில் வைத்துச் சிப்பியைப் பிடியின் அளவுக்கு அறுத்தார்கள். ஆணி இறக்கத் துளை போட்டபோது குறுக்கே விண்டது. வேறு சிப்பி அறுத்தார்கள். அது முக்கால் துளை வரை பொறுத்திருந்து, இனித் தப்பித்தோம் என்று மூச்சு விட்ட நேரத்தில் மூன்று துண்டாயிற்று. ஆணியே வேண்டாம் என்று சோணைமுத்து அரக்கை உருக்கி ஒட்டினான். அழகாக ஒட்டியது. மறுநாள் கத்தியை மடியில் செருகிக்கொண்டு தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு நீற்றும் தொட்டிப் பக்கம் போய் நின்றான். அந்தச் சூட்டில் அரக்கு இளகி, சிப்பி கத்தியை விட்டுவிட்டு வேட்டியோடு ஒட்டிக்கொண்டது. வேட்டியைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கடைசியில், ஊரான் சரக்கை ஏன் நம்ப வேண்டும் என்று தன் சாந்தையே குழைத்தான். மைபோல அரைத்த சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, கடுக்காய். தகட்டைச் சொரசொரப்பாகக் கீறிவிட்டு அதன்மேல் சிப்பியை வைத்து அமுக்கினான். தங்கச்சாமிக்கு நம்பிக்கை இல்லை.

"செவுரு வச்ச இடத்துல நிக்கும். கத்தி கையோட போகும்லப்பா" என்றான்.

சோணைமுத்து சிப்பியை இன்னும் பலமாக அமுக்கினான்.

சாந்து இறுகியது. ஓரத்து இடைவெளியில் செங்கல்பொடி கலந்த சாந்தைத் தடவி, சிவப்புக் கரை கட்டினான். கூழாங்கல்லால் தேய்த்தான், தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தான். வெயிலில் திருப்பினால் பிடியில் மயில்கழுத்து நிறம் ஓடியது. தரையில் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. செட்டியார் வீட்டு ஆச்சி வழக்கம்போல வெள்ளிப்பிடிக் கத்தியை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியபோது, வேண்டியதில்லை, சொந்தமாகவே இருக்கிறது என்று பதில் அனுப்பினான். அன்றைக்கு அவன் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது.

கல்யாணத்தன்று காலையில் காப்புக் கட்டி, கத்தியை விரித்து, அக்காள் சின்னத்தாயி எலுமிச்சம்பழத்தைக் குத்திக் கையில் கொடுத்தாள். மாட்டுவண்டி சிங்கம்புணரிக்குக் கிளம்பியது. வண்டி குலுங்கக் குலுங்கப் பழம் கிழிந்தது. சாறு அலகு வழியாக இறங்கி, பிடிக்குள் புகுந்து, அவன் மணிக்கட்டில் வழிந்தது.

பாதி வழியில் உள்ளங்கையில் என்னவோ நமநமத்தது. குனிந்து பார்த்தான். சிவப்புக் கரை நுரைத்துக்கொண்டிருந்தது.

சோணைமுத்து கரையைக் கட்டைவிரலால் பொத்தினான். தான் பூசிய தரையில் எந்த வீட்டிலாவது ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கினால் வாசலில் நின்று சண்டைக்குப் போகிறவன் அவன். புளிப்புப் பட்டால் சுண்ணாம்பு பொரிந்து போகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்குத் தன் கையிலிருக்கும் கத்தி நுனியில் என்ன குத்துவார்கள் என்பது நினைவுக்கு வராமல் போயிற்றே.

பழத்தை எடுத்துவிடச் சொல்லி அக்காளிடம் கெஞ்சினான். பழம் வாடிவிட்டதாக்கும் என்று அவள் புரிந்துகொண்டாள். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, இன்னும் பெரிதாக, நன்றாகச் சாறு கட்டிய பழமாகப் பார்த்து மாற்றிக் குத்தினாள். வெறும் கத்தியைப் பிடிப்பது ஆகாது என்று ஒரு அதட்டலும் போட்டாள்.

மணையில் உட்காரும்போது சிப்பி இரண்டும் லொடலொடவென்று ஆடின. விரல்களை இறுக்கி அவற்றைக் கத்தியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முகத்தில் வேர்வை. பக்கத்தில் காளியாயி தலை குனிந்து இருந்தாள். மாலை மாற்றியதுகூட ஒற்றைக் கையாலேதான்.

தாலியை எடுத்து நீட்டினார்கள். கட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். அந்த நேரத்துக்குக் கத்தியை வாங்கிப் பிடிக்க வேண்டியவன் பெண்ணின் அண்ணன். மாயக்கண்ணன் சிரித்த முகத்தோடு கையை நீட்டினான்.

சோணைமுத்து கையைத் திறக்கவில்லை. ஒரு கையாலேயே கட்டிவிட முடியுமா என்று தாலிக்கயிற்றைப் பார்த்தான். மேளக்காரன் கெட்டிமேளத்தைத் தொடங்கிவிட்டு, தாலி ஏறாததால் அதையே திரும்பத் திரும்ப அடித்தான். பெரியவர்கள் சத்தம் போட்டார்கள்.

காளியாயி தலையை நிமிர்த்தாமலே முணுமுணுத்தாள். "விழுந்தா விழட்டும், கைய விடுங்க. எனக்குக் கழுத்து வலிக்குது."

விட்டான். சிப்பி இரண்டும் கலகலவென்று மணையில் விழுந்தன. மாயக்கண்ணன் கைக்குப் போனது வெறும் பித்தளைத் தகடு; மேலெல்லாம் கொழகொழவென்று சுண்ணாம்பு. அவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

சோணைமுத்து அவனை நிமிர்ந்து பார்த்தான். "என்னுதுதான் மச்சான். இரவல் இல்லை."

"அதான் தெரியுதே மாப்பிள்ளே. இப்படி ஒண்ண எவன் இரவல் குடுப்பான்?"

பந்தலே சிரித்தது. தங்கச்சாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். மாலைக்குள் காளியாயியின் தோள்களும் குலுங்கின. சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு தாலிக்கயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டான். போட்ட வேகத்தில் கயிறு முழுதும் அந்த ஒரு முடிச்சிலேயே போய்விட, நாத்தனார் முடிச்சுக்கு வந்த சின்னத்தாயி நுனியை நகத்தால் நெருடிக்கொண்டு நின்றாள்.