முன்கூட்டி எடுத்த ரத்தம்

பெங்களூரு பொம்மசந்திராவில், இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் பொடி பூசிச் சுடும் பவுடர் கோட்டிங் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. நான்கு மணிக்குப் பார்க்க வேண்டிய ஓவன் சூட்டை மூன்றரைக்கே பார்த்து, நான்கு என்று எழுதிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவோம். இதுவரை குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. அந்தத் தைரியத்தைத்தான் ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணனுக்குப் பித்தக்குழாயில் கல். காலை பத்து மணிக்கு வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள்.

"இதுக்கப்புறம் சில பேருக்குக் கணையம் வீங்கிடும்மா. சரியா நாலு மணி நேரம் கழிச்சு ரத்தத்துல அமைலேஸ் பாப்போம். கணையம் வீங்கினா அது ஏறும், ஏற அவ்ளோ நேரமாகும். அது கம்மியா இருந்து, வலியும் இல்லன்னா வீட்டுக்குப் போலாம்" என்றார் டாக்டர் கேசவ்.

பன்னிரண்டு மணிக்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டு நர்ஸ் நிக்கோல் விவேக் நகர்ப் பெண், நம்ம தமிழ்.

"சிஸ்டர், நாங்க சந்தாபுரா போகணும். நாலு மணிக்கு மேல ஆச்சுன்னா சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்குவோம். இப்பவே எடுத்துடுங்களேன்" என்று குழைந்தேன். அவள் தயங்கினாள். நான் விடவில்லை. கடைசியில் எடுத்து, சீட்டில் 'நான்கு மணி நேரம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

ரிசல்ட் எழுபது. நூறு வரை இருக்கலாமாம். நான் துணிமணிகளைப் பையில் திணித்தேன்.

இரண்டரைக்கு அவர் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏங்க, வலிக்குதா?"

"கேஸு பிரபா. வீட்டுக்குப் போனா சரியாயிடும்."

மூன்று மணிக்கு டாக்டர் வந்து சீட்டைப் பார்த்தார். "எழுபதுதான். நல்லது. வலி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதப் பேனாவைத் திறந்தார்.

சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷனே போய்விடுவாரோ? நிக்கோல் டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், அவருக்கு வலிக்குது. பொய் சொல்றார். அந்த ரத்தம் பன்னெண்டு மணிக்கே எடுத்தது. நான்தான் சிஸ்டரைத் தொல்லை பண்ணேன்."

பேனா நின்றது. டாக்டர் என்னைத் திட்டவில்லை, நிக்கோலையும் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவளையே மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்.

இந்த முறை ஆயிரத்து இருநூறு.

"எவ்ளோ மோசம் சார்?"

"இதையும் வலியையும் சேத்துப் பாத்தா, வீக்கம் வந்திருச்சு. எவ்ளோ மோசமாகும்னு இந்த நம்பர் சொல்லாதும்மா. ரெண்டு நாள் இங்கயே வெச்சுப் பாத்தாதான் தெரியும்."

சலைன் ஏறத் தொடங்கியதும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏன்டி சொன்ன? இந்நேரம் வீட்ல இருந்திருப்போம்."

"ஆமாங்க, வீட்லதான் இருந்திருப்போம்" என்றேன். ராத்திரி வலி முத்தியிருந்தால் சந்தாபுராவில் யாரைக் கூப்பிட்டிருப்பேன்? அழுதுவிட்டேன்.