தொட்டிதான் விழுந்தது

தட்டான்குளத்தில் ஒரு சாவுக்கு அழ வேண்டுமென்றால், அது துன்பியல்தானா என்று நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். வெறும் விபத்து என்றால் மாலை போடலாம், காபி குடிக்கலாம். கண்ணீர் மட்டும் கூடாது. கண்ணீர் படாத பிணத்துக்கு எடை கூடிக்கொண்டே போகும். போன ஆடியில் மேலத்தெருத் தையல்காரர் ஒருவர் கட்டிலோடு தரைக்குள் இறங்கிவிட்டார். மேலே பூசி, கோலமும் போட்டுவிட்டார்கள்.

பிரமுவின் புருஷன் கோமதிநாயகம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். அங்கே புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி சரிந்து அவர்மேல் விழுந்துவிட்டது. காலையிலிருந்தே தெருக்காரர்கள் வாசலில் வரிசை கட்டி, தோளில் துண்டோடு, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சின் கால்கள் சிமென்டுக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தன.

ஆய்வாளர் இருதயராஜ் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தாரு, அக்கா?”

“அவுக விழல சார். தொட்டிதான் விழுந்துச்சு.”

இருதயராஜுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. உயரத்தில் இருப்பவர் தன் குறையாலேயே விழ வேண்டும், அதுதான் துன்பியல். முறைப்படி பார்த்தால் இதில் தொட்டிக்குத்தான் அழ முடியும் என்றார். வாசலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, தொட்டிக்கென்றால் தொட்டிக்கு, ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார். இருதயராஜ் பொறுக்கச் சொன்னார்.

ஆணவம், பேராசை, முன்கோபம், ஏதாவது ஒன்று இருந்தால்கூடப் போதும் என்று பிரமுவைத் தேற்றினார். அவள் யோசித்துப் பார்த்தாள். குழம்பில் உப்புக் கரித்தால் தன் நாக்கில்தான் கோளாறு என்கிற மனுஷன். பஸ் பிந்தி வந்தால், தன் கடிகாரம் முந்திவிட்டது என்று டிரைவரிடம் வருத்தம் சொல்வார். பெஞ்சு இன்னும் இறங்கியது.

தொட்டியைக் கட்டிய காண்ட்ராக்டர் சண்முகையா, வந்ததிலேயே பெரிய மாலையைப் போட்டவர், அவள் பக்கம் குனிந்தார்.

“மதினி, அண்ணாச்சி விரிசலப் பாத்திருப்பாக. நம்மள என்ன செஞ்சிரும்னு திமிரா அடியில போய் நின்னிருப்பாக. அப்படிச் சொல்லுங்க, போதும்.”

அந்த விரிசலைச் சொல்லத்தான் கோமதிநாயகம் முன்பே சண்முகையா வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே காத்திருந்து, கொடுத்த மோரைக் குடித்து, மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார். பிரமுவுக்கு அது தெரியும். சண்முகையாவுக்கும் தெரியும்.

பெஞ்சுப் பலகை தரையைத் தொட்டது.

“அவுகளுக்குத் திமிரு ஜாஸ்தி சார்,” என்றாள் பிரமு.

இருதயராஜ் தலையாட்டினார். இனி ஒன்றுதான் பாக்கி, செய்த தவறைச் செய்தவரே உணர வேண்டும் என்று சொல்லி, பிணத்தின் காதருகே போய் விஷயத்தைச் சொன்னார். கோமதிநாயகம் கண்ணைத் திறந்தார். சண்முகையாவைப் பார்த்தார். பிறகு பிரமுவை, கொஞ்சம் அதிக நேரம்.

“என் தப்புதான். எல்லாருக்கும் சிரமம்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரமு அவர் தலையணையைச் சரிசெய்தாள். இருதயராஜ் வாசலைப் பார்த்துக் கை காட்டினார்.

பிரமுவைத் தவிர, தெருவே அழுதது. சண்முகையா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பெஞ்சு மெல்ல மேலே வந்தது. கோமதிநாயகத்தைத் தூக்க ஓர் ஆளே போதுமாயிருந்தது. அழுது முடித்ததும் எல்லோருக்கும் மனசு லேசாகி, தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயர்ந்தபடியே பாடையின் பின்னால் போனார்கள். எல்லோரையும்விட உயரத்தில் போனவர் சண்முகையாதான். மின்கம்பி தட்டாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, “உள்ள போங்க மதினி, வெயிலு,” என்றார்.

வாசற்படியருகே பிரமு கணுக்கால்வரை தரைக்குள் நின்றிருந்தாள்.