மூன்றாவது வரியில் ஏரி

பழவேற்காடு ஏரி மகளிர் விடுதிக்கு முதன்முதலாக வந்தது ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு. ஆறு மணிக்குத் திரும்பிப் போனது. முழு ஏரியும் வரவில்லை. பார்வையாளர் கூடத்தில் முழங்கால் அளவுக்கு நிற்கக்கூடிய பங்கு மட்டும் பதினெட்டு கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஊர்ந்து வந்தது. எதிரே வந்த பேருந்துக்கு ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. வாசலில் இருந்த காவலாளி உலகநாதன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை; நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொண்டார். தண்ணீர் படியேறி, மூன்றாவது பெஞ்சில் அப்பாவுக்காகக் காத்திருந்த முதலாம் ஆண்டு வேதியியல் மாணவி நந்தினியின் காலருகே போய் நின்றது. விடுதிக் காப்பாளர் பரீதா அலறல் கேட்டு ஓடிவந்தார். அலறியவர்கள் மற்ற பெண்களைப் பார்க்க வந்த உறவினர்கள். நந்தினி அலறவில்லை. "நைனாவுக்கு இன்னிக்குப் பாடு நாள் மேடம், வரமுடியாது. அதான் இது வந்துகீது" என்றாள்.

பரீதா அலுவலகத்துக்குப் போய் சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். பார்க்க அனுமதிக்கப்பட்டவர்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள். முதல் வரியில் அப்பா ராஜவேலு. இரண்டாவதில் அம்மா அமுதவல்லி. மூன்றாவதில் ஏரி. உறவு என்ற இடத்தில் 'வளர்த்தது' என்று எழுதியிருந்தது. அடியில் பச்சை மையில் பரீதாவின் கையெழுத்து, அதன்மேல் விடுதி முத்திரை. சேர்க்கை நாளில் அறுபத்திரண்டு படிவங்கள் வந்தன. பரீதா ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. ஆறு வருடமாகவே அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது கிடையாது.

ராஜவேலு குறும்புக்கு எழுதியவர் அல்ல. அவர் பசியாவரத்துக்காரர். அந்தத் தீவில் எந்த வீடு எந்த நாளில் ஏரியின் எந்தத் துறையில் வலை வைக்கலாம் என்று சீட்டுப் போட்டுப் பட்டியல் எழுதுவார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். பட்டியலில் தன் வரியைக் காலியாக விட்டவனுடைய முறை அடுத்தவனுக்குப் போய்விடும்; பிறகு அது திரும்பாது. காலியான வரியைக் கண்டால் அவரால் அப்படியே விட முடியாது. படிவத்தில் மூன்றாவது வரி சும்மா கிடந்தது. சொந்தத்தில் கரையேறி வந்து பெண்ணைப் பார்க்கக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை. யோசித்துப் பார்த்து, பொய்யில்லாமல் எழுதக்கூடிய பெயரை எழுதினார்.

அதன்பின் ஏரி ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. விதிப் புத்தகத்தில் முப்பத்து நான்கு விதிகள். பரீதா அவற்றை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினான்காம் விதிப்படி, படிவத்தில் பெயர் உள்ள பார்வையாளரை ஞாயிறு நான்கிலிருந்து ஆறுவரை தடுக்கக்கூடாது. ஏரி நான்குக்கு முன் வந்ததில்லை, ஆறுக்குப் பின் இருந்ததில்லை. கூடத்தைத் தாண்டி அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் ஓர் ஈர வளையம் வைத்துவிட்டுப் போகும். காய்ந்தால் உப்புத் தெரியும். ஆண் பார்வையாளர் என்றால் அப்பாவும் உடன்பிறந்தவர்களும் மட்டுமே வரலாம் என்று பதினாறாம் விதி சொன்னதால், ஏரி ஆணா பெண்ணா என்ற கேள்வி எழுந்தது. உலகநாதன் தலையைச் சொறிந்தார். "பெண்ணுன்னே போடுங்க மேடம். ஆம்பள எவன் கரெக்டா ஆறு மணிக்கு எழுந்து போறான்?" பரீதா அப்படியே எழுதினார். வரும்போது ஏரி வெறுங்கையோடு வராது. மடவை மீனோ நண்டோ கூடத்தில் விட்டுப் போகும். அறையில் சமைக்கக்கூடாது என்ற விதி இருந்ததால் மீன் சமையற்கட்டுக்குப் போனது. ஞாயிறு இரவு மடவைக் குழம்பு வழக்கமாயிற்று. அதைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை.

புகார் கல்லூரி முதல்வர் சிவகுமாரிடமிருந்து வந்தது. கார்த்திகையில் ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல். பார்வையாளர் பதிவேட்டில் ஓர் ஏரி இருப்பது நல்லதல்ல என்று அவர் நினைத்தார். பரீதா முன்னிலையில் நந்தினியைக் கூப்பிட்டு, மூன்றாவது வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். இல்லாவிட்டால் விடுதியைக் காலி செய்ய வேண்டும். தீவிலிருந்து கரைக்கு வந்து, இரண்டு பேருந்து மாறி, எட்டரை மணி வகுப்புக்கு யாராலும் வந்துசேர முடியாது. விடுதி போனால் படிப்பும் போனது. அது மூவருக்கும் தெரியும். நந்தினி பேனாவைத் தொடவில்லை. "நம்ம பேர்ல கீற முறைய நாமளே வுட்டா அது திரும்பி வராது சார்" என்றாள். முதல்வர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் காலி செய்யச் சொல்ல ஒரு விதிமீறல் வேண்டும். ஒரு மீறலும் இல்லை. எனவே முதல்வர் ஒன்றை உண்டாக்கினார். அடுத்த ஞாயிறு ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மற்றப் பார்வையாளர்கள் போய்விட, ஏரி மட்டும் உள்ளே இருக்க, முன்கதவைத் தன் கையாலேயே பூட்டினார். ஆறு மணிக்கு மேல் பார்வையாளர் உள்ளே இருந்தால் அனுமதி ரத்து, படிவத்துக்குரிய மாணவி வெளியேற்றம். காலி செய்யும் உத்தரவை முன்பே தட்டச்சு செய்து பரீதாவிடம் கொடுத்திருந்தார். பரீதா கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டு விழும் சத்தம் கேட்டது. அவர் உத்தரவை மடித்துத் தன் பையில் வைத்தார். முதல்வர் விடுதிச் சாவிகள் மொத்தமும் இருந்த கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரை எடுத்து மீஞ்சூருக்குக் கிளம்பினார்.

ஆறு மணி ஆனது. ஏரி வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போனது. கதவில் மோதியது. பின்வாங்கி மறுபடி மோதியது. போகவேண்டிய நேரத்தில் போகமுடியாத தண்ணீர் நிமிடத்துக்கு ஒரு சாண் உயர்ந்தது. விடுதி தரைத்தளம் மட்டும் கொண்ட கட்டடம். வருகைப் பதிவுக்காக அறுபத்திரண்டு பெண்களும் தாழ்வாரத்தில் வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் சிரித்தார்கள். இடுப்புக்கு ஏறியதும் சிரிப்பு நின்றது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது. பெண்கள் மாடிக்குப் போகக்கூடாது என்பது இருபத்தேழாம் விதி. வெளியே உலகநாதன் கதவை உலுக்கிக்கொண்டே முதல்வரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வண்டி ஓட்டும்போது அலைபேசியை எடுக்கக்கூடாது என்ற விதியை முதல்வர் மதித்தார்.

பரீதா பெண்களை அவசர வழிக்குத் திருப்பினார். பின்பக்கச் சுவரில் சிவப்பு அம்புக்குறி, அதன் முனையில் இரும்புக் கதவு. அங்கே போய் நின்றபோதுதான் அவர் அந்தக் கதவைச் சரியாகப் பார்த்தார். கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு தொங்கியது. அது புதிதாக வந்த பூட்டு அல்ல. அவசர வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. எல்லாக் கதவுகளும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது இருபத்திரண்டாம் விதி. ஒவ்வொரு ஆனியிலும் அவர் இரண்டையும் ஒரே மூச்சில் உரக்கப் படித்திருக்கிறார். தீயணைப்பு ஒத்திகை என்று பெண்களை இதே கதவுக்கு முன் வரிசையாக நிறுத்தி, இதுதான் வழி என்று கைகாட்டி, புகைப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஆறு புகைப்படங்களிலும் அந்தப் பூட்டு இருந்தது. அவருடைய மார்புவரை தண்ணீர் ஏறிவிட்டது. குள்ளமான பெண்களை உயரமானவர்கள் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"சாவி எங்க மேடம்?" என்று ஒருத்தி கத்தினாள். "மீஞ்சூர் ரோட்ல" என்றார் பரீதா.

நந்தினி நீந்தி முன்னால் வந்தாள். பூட்டை இரு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி, "இதான். இத்தப் பாரு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கூடத்திலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் அந்த ஒரு பூட்டின்மேல் குவிந்தது. பழவேற்காட்டில் இரும்பு நிலைக்காது. சைக்கிள் ஐந்து வருடம், ஜன்னல் கம்பி பத்து வருடம். அந்தப் பூட்டுக்கு நாற்பது வருடத்து உப்பு ஒரே நிமிடத்தில் பிடித்தது. முதலில் பழுப்பாகி, பிறகு செதில் செதிலாக உரிந்து, டீயில் ஊறிய பிஸ்கட் போல நந்தினியின் கையில் உதிர்ந்தது. கதவு வெளிப்பக்கம் திறந்தது. அறுபத்திரண்டு பெண்களும் காப்பாளரும் பின்பக்கத்து முள்செடிகளில் போய் விழுந்தார்கள். ஏரி அவர்களைத் தாண்டி, சாலையில் இறங்கி, வேகமாக வீட்டுக்குப் போனது. உலகநாதன் பதிவேட்டில் எழுதினார்: வெளியேறிய நேரம் ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்.

திங்கட்கிழமை முதல்வர் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் அடியில் சிவப்புக் கோடு போட்டார். பரீதா செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்த துருவை அவர் மேசைமேல் கொட்டினார்.

"ஏரி லேட்டுன்னு எழுதுங்க சார். ஏன் லேட்டுன்னு கீழ நான் எழுதுறேன். யார் முன்கதவப் பூட்டினது, யார் பாத்துக்கினு நின்னதுன்னு எழுதுறேன். ஆறு வருஷமா பூட்டின கதவக் காட்டி வழின்னு சொன்னது யாருன்னும் எழுதி, என் கையெழுத்தும் போடுறேன்."

முதல்வர் துருவைக் கையால் ஒதுக்கினார். பதிவேட்டை மூடினார். உத்தரவுத் தாள் முந்தைய நாளே பரீதாவின் பையில் ஊறிக் கூழாகியிருந்தது. இன்னொன்று தட்டச்சு செய்யப்படவில்லை. நந்தினி அன்று ஒன்பது மணி ஆய்வகத்துக்குப் போனாள்.

பின்கதவில் அதன்பின் மாட்டிய பூட்டுகள் எதுவும் மறுநாள் காலையைப் பார்க்கவில்லை. மூன்று பூட்டுகளுக்குப் பிறகு மாட்டுவதை விட்டார்கள். இருபத்திரண்டாம் விதியின் தொடக்கத்தில் 'மற்ற' என்று ஒரு சொல் சேர்க்கப்பட்டது. ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்த மற்றப் பெண்கள், அது எங்களுக்கும் ஏரிதானே, ஒருத்தியிடம் மட்டும் எப்படி வரலாம் என்று சண்டைக்கு நின்றார்கள். கூடத்திலேயே சீட்டுப் போட்டுப் பாடு எழுதப்பட்டது. நந்தினிக்குப் பத்தொன்பதாவது ஞாயிறு விழுந்தது. அவளும் காத்திருந்தாள்.

பரீதா இப்போது எல்லாப் படிவங்களையும் படிக்கிறார். சேர்க்கை நாள் இரண்டு நாளாக நீண்டுவிட்டது. எளாவூரிலிருந்து வந்த ஓர் அப்பா மூன்றாவது வரியைக் காட்டி, "எங்க ஊர்ல செக்போஸ்ட்டு ஒண்ணுதான் மேடம் கீது, எழுதட்டா?" என்று சிரித்தார். பரீதா சிரிக்கவில்லை. வேண்டாம் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

மூன்று வருடப் படிப்பை முடித்து நந்தினி விடுதியை விட்டுப் போனாள். வெளியேறும் படிவத்தில் அழைத்துச் செல்பவர் கையெழுத்துப் போட வேண்டும். அன்று ஞாயிறுகூட இல்லை; ராஜவேலுவுக்குப் பாடு நாள். மேசைமேல் இருந்த தாளில் ஈர வளையம் ஒன்று மெல்ல விரிந்து, காய்ந்து, வெள்ளையானது. பரீதா பெயர், உறவு, நேரம் எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.